புரூஜில் ஏறி ஆம்ஸ்டர்டாமில் இறங்குங்கள்: படகும் சைக்கிளுமாக ஒரு வாரம்

கேட்ட கேள்வி இது. கணவருக்கு 56 வயது, மனைவிக்கு 52. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமுக்கும் பெல்ஜியத்தின் புரூஜுக்கும் நடுவே இரவில் படகில் தங்கி, பகலில் சைக்கிள் ஓட்டிப் போகும் எட்டு நாள் பயணம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. மனைவி சைக்கிளைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது. இருவரும் சைவம். ரயிலில் சுமார் மூன்று மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு இவ்வளவு பணமும் ஒரு வாரமும் செலவழிப்பது தகுமா? தகும் என்றால் எதையெல்லாம் பார்த்து முன்பதிவு செய்வது?

தாராளமாகத் தகும். இந்தப் பாதையில் நான் மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு முறை ஆம்ஸ்டர்டாமிலிருந்து தெற்கே, மூன்றாவது முறை புரூஜிலிருந்து வடக்கே. மூன்றாவது பயணத்தில்தான் இந்த ஊர்கள் ஏன் இங்கே இருக்கின்றன, ஏன் ஒன்று ஓய்ந்து இன்னொன்று எழுந்தது என்பதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. அதனால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது: திசையை மாற்றுங்கள். விமானம் ஆம்ஸ்டர்டாமில் இறங்குகிறது என்பதற்காகப் பலரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். நீங்கள் புரூஜில் தொடங்குங்கள்.

இந்தப் படகுகள் ஒரு வாரம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புரூஜுக்கு வரும், அடுத்த வாரம் அதே பாதையில் திரும்பும். திரும்புகிற வாரத்தில் இடம் பிடித்தால் போதும். இங்கே பெரும்பாலான நாட்களில் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். தடுப்பதற்கு ஒரு குன்றுகூடக் கிடையாது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து புரூஜ் என்றால் தென்மேற்கு நோக்கிப் போவது, அதாவது எதிர்காற்றில் மிதிப்பது. திறந்த ஆற்றங்கரையில் எதிர்காற்றில் 15 கிலோமீட்டர் போனவருக்குத் தெரியும், மேடேறுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. திரும்பும் திசையில் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். எட்டு நாளும் அப்படியே அமையும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அமைய வாய்ப்பு அதிகம். இருபது வருடம் கழித்து சைக்கிள் ஏறுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். வடகடல் வணிகத்தின் பணமும் இந்தத் திசையில்தான் நகர்ந்தது: முதலில் புரூஜ், பிறகு ஆன்ட்வெர்ப், அதன் பிறகு ஆம்ஸ்டர்டாம். 1134-இல் வந்த புயல் ஒன்று கடலோரத்தை உடைத்து ஸ்வின் என்ற உப்போடையைத் திறந்துவிட்டது. அதன் வழியாகக் கப்பல்கள் புரூஜ் பக்கம் வர முடிந்தது. வெனிஸ், ஜெனோவா வணிகர்களும் ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பின் ஜெர்மன் வணிகர்களும் அங்கே வந்து கூடினார்கள். வான் டெர் பர்ஸே என்ற குடும்பத்தின் சத்திரத்துக்கு முன்னால் நின்று பேரம் பேசினார்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பங்குச் சந்தையை இன்றும் 'போர்ஸ்', 'பர்ஸ்' என்றெல்லாம் சொல்வது அந்தக் குடும்பப் பெயரிலிருந்து வந்ததுதான். பிறகு ஸ்வின் மெல்லத் தூர்ந்தது. 1500 வாக்கில் பெரிய கப்பல்கள் ஆன்ட்வெர்ப்புக்குப் போகத் தொடங்கிவிட்டன. அங்கே 1531-இல் போர்ஸுக்கென்றே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். 1585-இல் ஆன்ட்வெர்ப் ஸ்பெயின் படையிடம் விழுந்தது. கடலுக்குப் போகும் ஸ்கெல்ட் ஆற்றின் வாய் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது, அவர்கள் அதை அடைத்தார்கள். ஸ்பெயினும் டச்சுக்காரர்களும் செய்துகொண்ட 1648 உடன்படிக்கை அந்த அடைப்பை உறுதிசெய்தது. 1795 வரை திறக்கவில்லை. வணிகர்கள், நெசவாளர்கள், அச்சுக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். ஆம்ஸ்டர்டாமின் போர்ஸ் 1611-இல் திறந்தது. புரூஜில் கிளம்புகிற சைக்கிள் அந்த மனிதர்கள் போன வரிசையிலேயே போகிறது.

சைக்கிளும் படகும் எப்படி ஜோடி சேர்ந்தன என்பதற்கும் ஒரு கதை உண்டு. நம் பக்கிங்காம் கால்வாயில் கரையிலிருந்து கயிறு கட்டிப் படகு இழுத்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இங்கே அதைக் குதிரை செய்தது. ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் நடுவே 1632-இல் குதிரை இழுக்கும் பயணிகள் படகு ஓடத் தொடங்கியது. மணி அடித்தால் கிளம்பிவிடும், ஆள் நிறைகிறதா என்று காத்திருக்காது. மணிக்குச் சுமார் ஏழு கிலோமீட்டர் வேகம். அது பல ஊர்களுக்குப் பரவியது. குதிரை நடந்த கரைப்பாதைக்கு 'யாக்பட்' என்று பெயர். எஞ்சின் வந்ததும் குதிரை போய்விட்டது, பாதை மட்டும் மிஞ்சியது. நேராக, சமமாக, தண்ணீரை ஒட்டி, கார் வராத பாதை. அதுதான் இன்றைய சைக்கிள் பாதை. பெல்ஜியத்தில் கால்வாயோரம் பலகையில் 'யாக்பட்' என்ற பெயரை இன்றும் பார்க்கலாம்.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டிய பணத்துக்கு நிம்மதி கிடைப்பதும் போவதும் அங்கேதான். இவற்றில் பல ஒரு காலத்தில் தானியமும் நிலக்கரியும் ஏற்றிய பார்ஜ்கள். பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸ், பிரான்ஸ் பக்கம் ஓடிய ஒரு வகையின் அளவு 38.5 மீட்டர் நீளம், 5.05 மீட்டர் அகலம். பிரான்ஸ் 1879-இல் கால்வாய் அளவுகளைச் சட்டமாக்கியபோது, படகைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் லாக் அறைகளுக்கு 39 மீட்டர் நீளமும் 5.2 மீட்டர் அகலமும் வைத்தார்கள், படகை அதற்குள் அடங்கும்படி கட்டினார்கள். பயணப் படகுகளில் பல இதைவிடப் பெரியவை, ஆனாலும் சரக்குக் கிடங்கு இருந்த இடத்தில்தான் உங்கள் அறை இருக்கும். இரண்டு குறுகிய கட்டில், ஒரு அலமாரி, கை நீட்டினால் சுவர் தொடும் குளியலறை. பெரிய சூட்கேஸ் கொண்டுபோனால் திறந்து வைக்க இடமிருக்காது. மடித்து வைக்கிற துணிப்பைதான் சரி.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது படகின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். என் இரண்டாவது பயணத்தில் மூக்குப் பக்கத்துக் கடைசி அறையைக் கொடுத்துவிட்டார்கள். படகை ஓரம் திருப்புவதற்கு மூக்கில் ஒரு சின்ன உந்துவிசிறி இருக்கும். காலை ஆறரைக்கு லாக்குக்குள் நுழையும்போது அது தலையணைக்குக் கீழேயே உறுமும். நான்கு நாள் அப்படித்தான் விழித்தேன். பின்பக்கக் கடைசி அறை எஞ்சினுக்கு அருகில் இருக்கும், அதுவும் வேண்டாம். நடுவில் கேளுங்கள். இரவில் ஜெனரேட்டரை நிறுத்துவார்களா, கழிவறை அறைக்குள்ளேயே உண்டா, ஜன்னல் திறக்குமா, இரண்டு கட்டிலும் தரையில் உண்டா அல்லது ஒன்று மேலடுக்கா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லாக் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் அறை அது. படகு உள்ளே நுழைந்தால் சுவருக்கும் படகுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருக்கும். பின்கதவு மூடும். தண்ணீர் கீழிருந்து சுரந்து ஏறும். மேல்தளத்தில் நின்று பார்த்தால் பாசி படிந்த ஈரச் சுவர்தான் கீழே இறங்குவதுபோலத் தெரியும். முதலில் கரையோரப் புல் கண்ணுக்கு வரும், பிறகு யாரோ நிறுத்தி வைத்த சைக்கிளின் சக்கரம், பிறகு வேடிக்கை பார்க்கும் குழந்தையின் முகம். முன்கதவு திறந்ததும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு படகு கிளம்பிவிடும். தாழ்ந்த பாலங்கள் வரும்போது சில படகுகளில் மாலுமி அறையின் கூரையையும் சுவரையும் மடித்துக் கீழே இறக்குவார்கள், மேல்தளத்தில் இருப்பவர்களை உட்காரச் சொல்வார்கள். சொன்ன உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? காலை எட்டு மணிக்குள் சிற்றுண்டி. அதே மேசையிலிருந்து ரொட்டி, சீஸ், பழம் எடுத்து மதிய உணவை நீங்களே பொட்டலம் கட்டிக்கொள்ள வேண்டும். சைக்கிளைக் கரையில் இறக்கித் தருவார்கள். 30 முதல் 50 கிலோமீட்டர் வரை ஓட்டம், நடுவில் காபி, தேவாலயம், அருங்காட்சியகம். படகு வேறு வழியாக அடுத்த ஊருக்குப் போய்க் காத்திருக்கும். சில நாள் காலையில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் போய்விட்டு நடுவழியில் இறக்கிவிடும். நாலு, நாலரைக்கு வந்து சேர்ந்தால் சூடாக ஏதாவது இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வழிகாட்டி ஊரைச் சுற்றிக் காட்டுவார். சைக்கிள் வேண்டாம் என்கிற நாளில் படகிலேயே வரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். உங்கள் மனைவிக்கு இதை இப்போதே சொல்லிவிடுங்கள். நடுவில் ஒரு நாள் ஓய்வு வைத்துக்கொண்டால் மீதி நாட்கள் சுகமாகப் போகும். அந்த ஓய்வையும் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தைக் கடக்கிற நாளில் வைத்தால் கப்பல்களின் அளவைப் பார்த்து வாய் பிளந்துவிடுவார்.

இனி ஊர்கள். பயண நிரலில் புரூஜுக்குக் கிடைப்பது ஒரு மாலைதான், அது போதாது. இரண்டு நாள் முன்னதாகவே பிரஸ்ஸல்ஸில் இறங்கி ரயிலில் வந்துவிடுங்கள், விமான நிலையத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். மணிக்கூண்டு 83 மீட்டர், 366 படி. முழங்கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள். ஏறாவிட்டாலும் நோட்ர் டாம் தேவாலயத்தில் இருக்கிற மைக்கேலாஞ்சலோவின் மரியாள் சிலையைப் பார்க்காமல் வராதீர்கள். புரூஜின் துணி வணிகக் குடும்பம் ஒன்று வாங்கி வந்தது, சிற்பி உயிரோடு இருந்தபோதே இத்தாலியை விட்டு வெளியே வந்தது. குழந்தை மடியில் இல்லை. தாயின் முழங்கால்களுக்கு நடுவே நின்று, ஒரு கையால் அவள் விரலைப் பிடித்தபடி, கீழே இறங்கப் போகிற மாதிரி ஒரு காலை நகர்த்தி வைத்திருக்கிறது. அந்த இரண்டு கைகளை மட்டும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

புரூஜில் இருக்கும் இரண்டு நாளில் ஒரு காலை வாடகை சைக்கிள் எடுத்து டம்மெ என்ற சிற்றூருக்குப் போய் வாருங்கள். ஒரு வழி சுமார் ஏழு கிலோமீட்டர். உங்கள் மனைவிக்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது. நெப்போலியன் காலத்தில் வெட்டத் தொடங்கிய கால்வாய் நேர்கோடாகப் போகும், இரு கரையிலும் உயரமான பாப்ளர் மரங்கள். அத்தனையும் கடல்காற்றில் வளைந்து ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். காற்றைப் பற்றி மேலே நான் சொன்னதை நம்பாதவர்கள் இந்த மரங்களைப் பார்த்தால் போதும். டம்மெ ஒரு காலத்தில் புரூஜுக்கே துறைமுகம். இன்று சுற்றிலும் மாடு மேய்கிற புல்வெளி.

கெண்ட் நகரில் ஆயத்தமில்லாமல் போய் ஏமாறுகிறவர்கள் அதிகம். வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம் 1432-இல் முடிந்தது. அது இருக்கும் பாவோ பேராலயத்தில் நேரம் குறித்து முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டும். கீழ் வரிசை இடப்பக்கப் பலகை 1934-இல் திருடு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை, இப்போது இருப்பது நகல். ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஆற்றோரம் கிராஸ்லெய் என்கிற துறைக்கு வாருங்கள். அழகான முகப்பு வீடுகளைத்தான் எல்லோரும் படமெடுப்பார்கள். நடுவே ஒடுங்கி நிற்கும் சின்னச் சுங்க வீட்டையும், அதன் பக்கத்தில் கருத்துப்போன கல் களஞ்சியத்தையும் கவனியுங்கள். ஆற்றில் தானியம் ஏற்றி வந்த படகு கெண்டைத் தாண்டிப் போக முடியாது. நின்று, தானியத்தில் ஒரு பங்கை இறக்கி அங்கே விற்பனைக்கு வைத்தாக வேண்டும். அந்த உரிமைதான் ஊரை வளர்த்தது. நாலு நாள் கழித்து டோர்ட்ரெக்டில் இதே கதையைத் திரும்பக் கேட்பீர்கள். அந்த ஊருக்கு அந்த உரிமை 1299-இல் கிடைத்தது.

கெண்டிலிருந்து ஆன்ட்வெர்ப் வரைக்கும் ஸ்கெல்ட் ஆறு. கடலிலிருந்து 160 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற கெண்ட் வரை இந்த ஆற்றில் கடல் ஏற்றவற்றம் தெரியும். ஆன்ட்வெர்ப்பில் நீர்மட்டம் ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அதனால் இந்த இரண்டு மூன்று நாள் கேப்டன் சொல்கிற நேரம்தான் நேரம். காலையில் நீங்கள் கரையில் ஓட்டும்போது பழுப்புத் தண்ணீர் விளிம்புவரை நிற்கும். மாலையில் பார்த்தால் சேற்றுச் சரிவு பளபளக்க, பறவைகள் அதில் கொத்திக்கொண்டிருக்கும். நேரம் மாறியதென்று வழிகாட்டியிடம் கோபப்படாதீர்கள், மாற்றியது ஆறு. நடுவில் டெண்டர்மாண்ட, சின்ட் அமண்ட்ஸ் போன்ற ஊர்கள் வரும். பெரிய காட்சி ஒன்றும் இல்லை, மாலையில் நடந்து பார்க்க இதமானவை.

ஆன்ட்வெர்ப்பில் நேரம் குறைவென்றால் வைரக் கடைத் தெருவை விட்டுவிடுங்கள். பேராலயத்தில் ரூபென்ஸின் பெரிய ஓவியங்கள், அப்புறம் பிளான்டின் மொரெட்டஸ் அச்சக அருங்காட்சியகம், இவை போதும். கிறிஸ்டோஃப் பிளான்டின் 1555-இல் தொடங்கிய அச்சகம் அது, 1576 முதல் இதே இடத்தில் நடந்தது. 1600 வாக்கில் செய்த இரண்டு அச்சுப்பொறிகள் அங்கே சுவரோரம் நிற்கின்றன. உலகில் மிஞ்சியிருப்பவற்றில் இவைதான் மிகப் பழையவை. கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே முதல் புத்தகம் அச்சானது 1578-இல். அந்த வருடம் இந்த வீட்டில் பிளான்டின் உயிரோடு இருந்து அச்சடித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. எழுத்துகளைப் பிரித்து வைக்கும் மரத்தட்டுகளின் அறைகள் விரல் பட்டுப் பட்டு ஓரம் மழுங்கிப்போயிருக்கும். திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். முன்பதிவுக்கு முன்பே, ஆன்ட்வெர்ப்பில் எந்தக் கிழமை நிற்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நெதர்லாந்து எல்லையைத் தாண்டியதும் நிலம் மாறும். வில்லெம்ஸ்டாட் 1583-இல் எழுந்த கோட்டை ஊர், அகழியோடு ஏழு முனை நட்சத்திர வடிவம். மதில் மேட்டைச் சுற்றி நடக்க அரை மணி நேரம்கூட ஆகாது. இந்தப் பக்கமெல்லாம் 1953 ஜனவரி 31 இரவு, பிப்ரவரி முதல் தேதி விடிவதற்குள் கடல் உள்ளே வந்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கட்டிய அணைகளையும் பெரிய லாக்குகளையும் கடந்துதான் உங்கள் படகு போகும். இந்த மக்கள் தண்ணீரைப் பற்றி ஏன் அவ்வளவு கறாராகப் பேசுகிறார்கள் என்பது அங்கே விளங்கும்.

டோர்ட்ரெக்டில் மூன்று ஆறுகள் கூடும் முனையில் போய் உட்காருங்கள். இடமும் வலமுமாகச் சரக்குப் படகுகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். 1421 நவம்பரில் வந்த வெள்ளம் இந்த ஊரைத் தீவாக்கிவிட்டது. அந்த வெள்ளத்தில் ஒரு தொட்டில் மிதந்து வந்தது, கவிழ்ந்துவிடாமல் ஒரு பூனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிச் சமன் செய்தது, கரை ஒதுங்கியபோது குழந்தை உயிரோடு இருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தத் தொட்டில் ஒதுங்கியதாகச் சொல்லும் இடம்தான் அடுத்த நாள் வரும் கிண்டர்டைக். பெயருக்கே 'குழந்தைக் கரை' என்று பொருள்.

கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள். பெரும்பாலானவை 1738, 1740-இல் கட்டியவை. 1997-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. படத்தில் பார்ப்பவர்கள் இவை மாவரைக்கும் ஆலை என்று நினைத்துவிடுவார்கள். இல்லை, இவை தண்ணீர் இறைக்கும் ஏற்றங்கள். தாழ்ந்த வயலில் சேரும் நீரைச் சக்கரத்தால் வாரி மேல் கால்வாய்க்கு ஏற்றி, அங்கிருந்து ஆற்றில் விடுவதுதான் வேலை. இன்று அந்த வேலையைப் பம்புகள் பார்க்கின்றன, ஆலைகளில் குடும்பங்கள் குடியிருக்கின்றன. இறக்கைகளை நிறுத்தி வைக்கும் கோணத்துக்கு ஒரு பாஷை உண்டு. இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றால் வீட்டில் நல்ல செய்தி, உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம். காலை ஒன்பது மணிக்குள் சைக்கிளில் போய்விட்டால் கூட்டம் வருவதற்கு முன்னால் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து லெக் ஆற்றின் கரைமேட்டில் ஸ்கோன்ஹோவன் பக்கம் போகிற ஓட்டம்தான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்தது. பாதை கரையின் உச்சியில் வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் ஆற்றைவிடத் தாழ்ந்த நிலம். வீட்டு ஓலைக்கூரையின் முகடு உங்கள் பெடலுக்குச் சமமாக வரும், தோட்டத்து ஆப்பிள் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே போவீர்கள். திரும்பினால் சரக்குப் படகு ஒன்று அந்தக் கூரைகளுக்கும் மேலே மிதந்து போகும். ஆற்றைக் கடக்கச் சின்னப் படகுத்துறைகள் உண்டு, சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம். அதன் பிறகு சில படகுகள் கௌடா வழியாகவும், சில உத்ரெக்ட் பக்கம் வேக்ட் ஆற்று வழியாகவும் ஆம்ஸ்டர்டாம் சேரும். இரண்டும் நல்லவைதான். கௌடா என்றால் சீஸ் கடையோடு நிற்காமல் 123 மீட்டர் நீளமுள்ள யோவான் தேவாலயத்துக்குள் போய் 16-ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகளைப் பாருங்கள். வேக்ட் என்றால் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் கோடைக்காலத்துக்குக் கட்டிய மாளிகைகள் கரையோரம் வரிசையாக வரும்.

சைக்கிள் விஷயத்தில் உங்களுக்குப் பயம் வர வேண்டியது தூரத்தைக் கண்டு அல்ல, பிரேக்கைக் கண்டுதான். இங்கே பல சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடித்துவிடும். நாமோ சும்மா இருக்கும்போது பெடலைப் பின்னால் சுற்றிப் பழகியவர்கள். முதல் அரை மணி நேரம் திடீர் திடீரென்று நிற்கும், விழவும் கூடும். கைப்பிரேக் மட்டும் உள்ள சைக்கிள் கிடைக்குமா என்று கேளுங்கள், இல்லையென்றால் காலியிடத்தில் பத்து நிமிடம் பழகிவிட்டுக் கிளம்புங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், டச்சு சைக்கிள்கள் உயரமானவை. மனைவிக்கு மின்சார சைக்கிள் எடுப்பது நல்ல யோசனைதான், கூடுதல் வாடகை ஆகும். ஆனால் அது கனமானது, நிறுத்தி இறங்கும்போது சாயும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரைதான் மோட்டார் கைகொடுக்கும்.

சாலை விதிகளில் ஒன்றை மட்டும் மனதில் ஆணியடித்துக்கொள்ளுங்கள். நம்மூர் போல இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம். பாதையில் வெள்ளை முக்கோணங்கள் உங்களைப் பார்த்து முனை நீட்டியிருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். கெண்டிலும் ஆன்ட்வெர்ப்பிலும் டிராம் தண்டவாளத்தைக் குறுக்காக, நேர் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் மாட்டிக்கொள்ளும். குழுவில் போகும்போது வழிகாட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவரை நிறுத்திவிட்டுப் போவார், கடைசி ஆள் தாண்டும் வரை அவர் அங்கேயே நிற்பார். அதனால் பின்தங்கினாலும் வழி தவறாது. தனியாகப் போக விரும்பினால் எண் பலகைகள் இருக்கின்றன. பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியைச் சேர்ந்த ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர், சந்திப்புகளுக்கு எண் கொடுக்கும் முறையைச் சைக்கிள் பாதைக்குக் கொண்டுவந்தார். 1995-இல் தொடங்கியது. இப்போது இரண்டு நாட்டிலும் அதுதான். 34, 51, 8 என்று ஒரு சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் பேட்டரி தீர்ந்தாலும் ஊர் போய்ச் சேரலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவம் என்று மட்டும் எழுதினால் மீன் சாப்பிடுவீர்கள் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு கலந்த சூப் எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். முட்டை உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். முன்பே தெரிந்தால் படகுச் சமையல்காரர் சூப், பாஸ்தா, காய்கறி என்று நன்றாகவே செய்து தருவார். மதியம் தினமும் ரொட்டிதான், ஐந்தாம் நாள் நாக்கு செத்துப்போகும். பருப்புப் பொடியும் ஒரு சின்ன எண்ணெய்ப் பாட்டிலும் கொண்டுபோங்கள். நெய் வேண்டாம், பால் பொருட்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

பணம் ஆளுக்கு 1,000 யூரோவுக்கு மேல்தான் ஆகும், அறையையும் மாதத்தையும் பொறுத்து அதற்கு மேலே நிறையவே போகும். அதில் தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அடக்கமா, சைக்கிள் வாடகை தனியா, அருங்காட்சியகச் சீட்டு சேர்ந்ததா என்று கேளுங்கள். கெண்டிலும் புரூஜிலும் படகு ஊர் நடுவில் நிற்குமா, வெளியே நிற்குமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். வெளியே நின்றால் இரவில் ஊர் பார்க்க இன்னொரு முறை மிதிக்க வேண்டியிருக்கும். ஷெங்கன் விசாவை, அதிக இரவு தங்கும் நாட்டின் வழியாகத்தான் கேட்க வேண்டும். புரூஜில் இரண்டு நாள் கூட்டினால் பெல்ஜியம் முந்தலாம், ஆம்ஸ்டர்டாமில் கூட்டினால் நெதர்லாந்து. படகு எந்த இரவு எந்தக் கரையில் நிற்கிறது என்று எழுதி எண்ணிவிட்டு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம்.

மாதம் என்றால் மே, ஜூன் அல்லது செப்டம்பர். டுலிப் பூ வேண்டும் என்றால் ஏப்ரலில் போக வேண்டும், ஆனால் குளிரும் காற்றும் அதிகம். மழைக்கு மேற்சட்டை, கால்சட்டை இரண்டும் எடுங்கள். போர்வை மாதிரி விரிகிற மழைக்கோட்டு வேண்டாம், கரைமேட்டுக் காற்றில் அது பாய்மரமாகிவிடும். மெல்லிய கையுறை ஒன்று.

கிளம்புவதற்கு மூன்று மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த வாரமே உங்கள் மனைவி ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஏறட்டும். முதல் வாரம் தினம் 20 நிமிடம் போதும். ஒற்றைக் கையால் ஓட்டி, மற்றொரு கையை நீட்டித் திரும்புவதைக் காட்டப் பழக வேண்டும், இங்கே அது அவசியம். இரண்டாம் மாதம் வாரத்தில் இரண்டு நாள் 15 கிலோமீட்டர், கடைசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 30. கால்கள் தாங்கும், உட்காரும் இடம்தான் முதலில் முறையிடும். அதற்குப் பழகிய இருக்கை உறை ஒன்றைப் பையின் மேலாகவே வைத்து எடுத்து வாருங்கள், புரூஜில் முதல் காலையிலேயே தேவைப்படும்.